கார் எஞ்சினும் காற்றும் புழுதியும்

கார் ஓடுவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பெட்ரோல் என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் சொல்லிவிடும். காற்றும் வேண்டும் என்று சொல்பவர்கள் குறைவு. எவ்வளவு காற்று என்று கேட்டாலோ, கார் வைத்திருக்கும் பெற்றோர்களே சற்றுத் திகைப்பார்கள். பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம். ஆகவே அதன் கணக்கு நமக்குத் தெரியும். காற்றுக்கு யாரும் காசு கேட்பதில்லை. ஆகவே அதை நாம் நினைப்பதுமில்லை.

மாணவிகளே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 11 கிலோ வரும். பதினொரு கிலோ காற்று! ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம்தான். வகுத்துப் பாருங்கள், 9,000 லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். வளர்ந்த மனிதர் ஒருவர் ஓய்வாக இருக்கும்போது ஒரு நாள் முழுவதும் உள்ளே இழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். ஆக, நமக்கு ஒரு நாளைக்குப் போதுமான மூச்சை, கார் ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலோடு சேர்த்து இழுத்து முடித்துவிடுகிறது.

அந்தக் காற்றில் தூசி இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மில்லிகிராம் தூசி மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடும் கார், 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது 1,000 லிட்டர் பெட்ரோலும், 9,000 கன மீட்டர் காற்றும் செலவாகியிருக்கும். அதனோடு வந்த தூசி 9 கிராம். தேக்கரண்டி ஒன்று நிறைய மணல் என்று சொல்லலாம். இது நல்ல தார்ச் சாலையில். மண் சாலையில் முன்னே ஒரு லாரி போனால் இதைப் போல் பல மடங்கு.

நம் மூக்கில் ரோமம் இருக்கிறது, ஈரம் இருக்கிறது. மீறி உள்ளே போனால் தும்முகிறோம். எஞ்சினுக்குத் தும்மத் தெரியாது. அதற்கு இருப்பதெல்லாம் ஏர் பில்டர் என்று நாம் சொல்லும் காற்று வடிகட்டி ஒன்றுதான். அதைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சாத்தான்குளம் பக்கத்துப் பெண். அங்கிருந்து உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் போனால் செக்கச் செவேல் என்று மணல் மேடுகளைப் பார்க்கலாம். தேரிக்காடு என்பார்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால், சோற்றுத் தட்டில்கூடச் செம்மண் கடிபடும். தேரி மணலை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சிவப்பெல்லாம் கரைந்து வெளிறிவிடும். சிவப்பு என்பது மேலே பூசியிருக்கும் இரும்பு ஆக்ஸைடுதான். உள்ளே இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். அதன் கடினம் மோஸ் அளவில் 7. கண்ணாடியைக் கீறும். சிலிண்டர் செய்யப் பயன்படும் வார்ப்பிரும்பையும் கீறும்.

என் தகப்பனார் அங்கே ஓர் அம்பாசடர் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கார் அவருடையதுதான், கடன் பாக்கி மட்டும் இருந்தது. 1984ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பு, விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆடி மாதம் வண்டி மேடு ஏறத் திணறியிருக்கிறது. பட்டறை ஒன்றில் காட்டியபோது, அங்கிருந்தவர் ஏர் பில்டரைக் கழற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தச் சட்டி எதுக்கு? இதைத் தூக்கி டிக்கியில போடுங்க. பிக்கப்பைப் பாருங்க" என்றாராம். உண்மையாகவே வண்டி பறந்தது. அப்பாவுக்கு மகிழ்ச்சி.

அந்த மனிதர் சொன்னது முழுப் பொய்யல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். பில்டருக்குள் சேறு அடைத்திருந்தது. அடைப்பை நீக்கினால் மூச்சுத் திரும்பத்தான் செய்யும். ஆனால் மூக்கு அடைத்தால் சளியைச் சிந்துவோமா, மூக்கையே அறுத்துப் போடுவோமா?

செப்டம்பர் மாதம் மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழா. அந்த நாட்களில் கார்களுக்கு ஓய்வே கிடையாது. தேரி மண்ணில் இரவும் பகலும் ஓடியிருக்கிறது அந்த வண்டி, பில்டர் இல்லாமல். காலாண்டு விடுமுறைக்கு நான் ஊருக்கு வந்தபோது நீலப் புகை கக்கிக்கொண்டு நின்றது. வாரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் எஞ்சின் ஆயில் குடித்தது. வேறொரு மெக்கானிக் எஞ்சினின் மேல் பாகத்தைக் கழற்றினார். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னை அழைத்து, "பாப்பா, உள்ளே விரலை விட்டு நகத்தால மேல இழு" என்றார். இழுத்தேன். சிலிண்டரின் மேல் விளிம்புக்கு அருகில் நகம் தடுக்கியது. பிஸ்டன் ரிங் உரசும் இடமெல்லாம் தேய்ந்து, ரிங் எட்டாத விளிம்பு மட்டும் பழைய அளவில் நின்றதால் உண்டான படி அது.

ரீபோர் செய்ய வேண்டியதாயிற்று. அதாவது நான்கு சிலிண்டர்களையும் அரை மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களும் ரிங்குகளும் போடுவது. பதினெட்டு நாள் வண்டி பட்டறையில் கிடந்தது. அம்மாவின் இரண்டு வளையல்களும் அடகுக் கடைக்குப் போயின. எனக்கு இரண்டு மாத விடுதிக் கட்டணம் பாக்கி நின்றது. வார்டன் சிஸ்டர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வளையல்களில் ஒன்றுதான் திரும்பி வந்தது.

இவ்வளவு சின்னத் தூசி எப்படி இவ்வளவு பெரிய இரும்பைத் தின்கிறது? பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அதன் கனம் சில மைக்ரான்கள்தான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். படலத்தைவிடச் சிறிய துகள் எண்ணெயோடு மிதந்து போய்விடும். படலத்தைவிடப் பெரிய துகள், பத்து இருபது மைக்ரான் உள்ளது, இரு பக்கமும் இரும்பைத் தொட்டுக்கொண்டு உருளும்; உப்புத்தாள் போல அறுக்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. கண்ணுக்குத் தெரியும் மணலைவிடக் கண்ணுக்குத் தெரியாத பொடிதான் இங்கே எதிரி.

எங்கள் வண்டியில் இருந்தது எண்ணெய்த் தொட்டி வகை பில்டர். வட்டமான ஒரு சட்டி. அடியில் கொஞ்சம் எஞ்சின் ஆயில். மேலே கம்பி வலை. காற்று பக்கவாட்டில் நுழைந்து, கீழ்நோக்கி இறங்கி, எண்ணெய்ப் பரப்புக்கு அருகில் சட்டென்று மேல்நோக்கித் திரும்ப வேண்டும். பேருந்து வளைவில் திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் நேராகவே போகப் பார்த்து ஒரு பக்கம் சாய்கிறார்கள் அல்லவா? அதே நியூட்டனின் முதல் விதிதான். காற்று இலேசு, திரும்பிவிடும். தூசிக்குக் கனம் உண்டு. திரும்ப முடியாமல் எண்ணெயில் விழுந்து சேறாகிவிடும். தப்பித்த துகள்களை எண்ணெய் நனைந்த வலை பிடித்துக்கொள்ளும். வகுப்பில் இந்த விதியை மனப்பாடமாக ஒப்பித்த நான், அந்தச் சட்டியைக் கழுவிய அன்றுதான் அதைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

கழுவும் வேலையை அப்பா என்னிடமே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு விடுமுறைக்கும் அது என் வேலை. பழைய எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றி, அடியில் படிந்த சேற்றை வழித்து, சட்டியையும் வலையையும் மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, கோடு போட்ட அளவுக்குப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். கோட்டுக்குக் கீழே இருந்தால் தூசி பிடிபடாது. மேலே இருந்தால் எஞ்சின் எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சிப் புகைக்கும். கார் ஸ்டாண்டில் சிலர், "பொம்பளப் பிள்ளைக்கு பானெட்டுக்குள்ளே என்ன வேலை?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். "போன வருஷம் ஆம்பளை பார்த்த வேலைக்குத்தான் வளையல் போச்சு" என்று அவர் பதில் சொன்னதாக அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

இனி டியூன்-அப் என்னும் பாடத்துக்கு வருவோம். கார்புரேட்டர் வைத்த கார்களில் அது ஒரு கூட்டு வேலை: ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக் இடைவெளி, பாயிண்ட் இடைவெளி, தீப்பொறியின் நேரம், டேப்பெட் இடைவெளி, கார்புரேட்டர் கலவை. இவற்றுள் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் பலர் தவறு செய்தார்கள்.

கார்புரேட்டரில் ஒரு குறுகிய கழுத்து உண்டு. காற்று அதன் வழியே வேகமாகப் போகும்போது அழுத்தம் குறைந்து, பெட்ரோல் உறிஞ்சப்பட்டுத் தூவலாகக் கலக்கிறது. பில்டர் அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று குறைகிறது, உறிஞ்சும் வேகமோ கூடுகிறது. காற்றின் அளவுக்கு மிஞ்சிய பெட்ரோல் வந்து சேரும். குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வார்களே, அதே நிலைதான் நாள் முழுவதும். கலவை முழுதாக எரியாமல் கரும்புகை வரும். பிளக்கில் கரி படியும். கார்பன் மோனாக்ஸைடும் மிகும். (கரும்புகை மிகுந்த பெட்ரோலுக்கும் நீலப்புகை எரியும் எண்ணெய்க்கும் அடையாளம். இதை மறவாதீர்கள்.)

அடைத்த பில்டரை அப்படியே விட்டுவிட்டு, கரும்புகையைக் கண்டு கார்புரேட்டர் திருகைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்தால் என்ன ஆகும்? அன்றைக்குச் சரியாகத்தான் ஓடும். அடுத்த வாரம் யாராவது பில்டரைச் சுத்தம் செய்தால், காற்று கூடிப் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறி விட்டுவிட்டு அடிக்கும். ஆகவே பில்டர் முதலில், கார்புரேட்டர் கடைசியில். மூக்கடைத்த பிள்ளையை நிறுத்திப் பாட்டுக்குச் சுருதி சேர்க்கக் கூடாது.

இப்போது பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இருப்பது காகித பில்டர். சட்டிக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு காகிதம். எதற்காக அத்தனை மடிப்பு? உங்கள் சீருடைப் பாவாடையின் மடிப்புகளைப் பிரித்து இழுத்தால் எவ்வளவு துணி வருகிறது என்று தைக்கக் கொடுத்த அம்மாக்களுக்குத் தெரியும். ஒரு பில்டரில் 60 மடிப்பு, மடிப்பின் ஆழம் 3 சென்டிமீட்டர், நீளம் 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மடிப்புக்கு இரண்டு பக்கம். மொத்தப் பரப்பு 7,200 சதுர சென்டிமீட்டர். முக்கால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பரப்பு பெரிதாக இருப்பதால் காற்று மெதுவாக நுழையலாம், தூசி தங்கவும் இடம் கிடைக்கும். மிக நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் எண்ணெய்த் தொட்டியைவிடக் காகிதமே மேல்.

இங்கே பலரும் நம்ப மறுக்கும் செய்தி ஒன்று உண்டு. கொஞ்சம் தூசி படிந்த காகித பில்டர், புத்தம் புதியதைவிட நன்றாக வடிகட்டும். முதலில் படியும் தூசி துளைகளைச் சுருக்கி, தானே ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. ஆகவே வாராவாரம் கழற்றித் தட்டுவது அக்கறை போலத் தோன்றினாலும் கெடுதல்தான். கழற்றும் ஒவ்வொரு முறையும் காகிதம் கிழியவும், ரப்பர் விளிம்பு நெளியவும், பெட்டியிலுள்ள மண் உள்ளே சிந்தவும் வாய்ப்பு இருக்கிறது. வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். புழுதிச் சாலையில் ஓடும் வண்டியானால் அதற்கு முன்பே பாருங்கள்.

பார்க்கும் முறை கடினமல்ல. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஆறவிடுங்கள். பின்னலையும் தாவணியையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். இன்றைய கார்கள் சிலவற்றில் எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகவே சுழலக்கூடும். பெட்டியின் கிளிப்புகளைத் திறந்து, பில்டரை அசைக்காமல் நேராகத் தூக்குங்கள். உடனே எஞ்சினுக்குப் போகும் வாயை ஒரு சுத்தமான துணியால் மூடுங்கள். திருகோ மண்ணோ அதில் விழுந்தால் நேரே எஞ்சினுக்குள்தான். துணியை எடுக்க மறந்து, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று அரை மணி நேரம் அப்பாவையும் என்னையும் தவிக்கவிட்டவளும் நான்தான். ஆகவே துணியின் ஒரு நுனி வெளியே தொங்கட்டும்.

பில்டரைத் தரையில் மெதுவாகத் தட்டலாம். காற்று ஊதுவதானால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்தை நோக்கி, குறைந்த அழுத்தத்தில், குழாயை அரை அடி தள்ளிப் பிடித்து ஊத வேண்டும். வேகமாக அடிக்கும் காற்றுக் குழாயைக் காகிதத்தின் மேல் வைத்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். நீரிலோ பெட்ரோலிலோ காகிதத்தைக் கழுவவே கூடாது. நுரைப்பஞ்சு பில்டரைக் கழுவுவார்கள், அது வேறு. பிறகு பின்னால் ஒரு டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். எங்காவது ஊசி முனை போல் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் அந்த பில்டர் குப்பைக்கு. பெட்டியின் உட்புறத்தை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சுத்தமான பக்கத்தில் மண் கோடு தெரிந்தால், காற்று பில்டர் வழியாகப் போகாமல் விளிம்பு வழியாகத் திருட்டுப் பாதையில் போகிறது என்று அர்த்தம். எனக்குக் கேட்டால், அழுக்கு பில்டரைவிடச் சரியாக உட்காராத பில்டரே ஆபத்தானது.

புதிய கார்களில் கார்புரேட்டர் இல்லை. கணினி பார்த்துப் பெட்ரோலைத் தெளிக்கிறது. காற்று குறைந்தால் அதுவும் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் வெளியிட்ட சோதனையில், இத்தகைய கார்களில் பில்டர் அடைத்தாலும் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. வேகம் எடுக்கும் சக்தி மட்டும் குறைந்தது. ஆகவே "பில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும்" என்று யாராவது பெற்றோரிடம் சொன்னால், இன்றைய காருக்கு அது பொருந்தாது. ஆனால் சிலிண்டருக்கும் மணலுக்கும் உள்ள உறவை எந்தக் கணினியும் மாற்றவில்லை. மின்சாரக் காரில் எஞ்சினே இல்லாததால் இந்த பில்டரும் இல்லை. பயணிகள் மூச்சுவிடும் காற்றை வடிகட்டும் வேறொரு பில்டர் பெரும்பாலும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அம்பாசடர் காரின் தயாரிப்பு 2014இல் நின்றுபோயிற்று. எங்கள் வண்டி அதற்கு வெகு காலம் முன்பே விற்றுப்போனது. ரீபோர் செய்த பிறகு, விற்கும் நாள் வரையில் அதன் எஞ்சினை யாரும் திறக்க நேரவில்லை.

பள்ளி வேனின் பில்டரை அடுத்த முறை மாற்றும்போது, பழையதை ஆய்வுக்கூடத்துக்குத் தரும்படி டிரைவர் அண்ணனிடம் கேட்டு வைத்திருக்கிறேன். மடிப்புகளை எண்ணி அளக்க விரும்பும் மாணவிகள் அளவுகோலுடன் வரலாம். நுண்ணோக்கியும், ஒரு குப்பியில் தேரி மணலும் தயாராக இருக்கும்.